கோதுமைக்கு விலை சொன்ன நகரம்
சமவெளி நகரங்கள் – 6

1876ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கோதுமை பொய்த்துப்போனது. அடுத்த பருவத்துக்கு விதை வேண்டும். டொரோண்டோவின் விதை வணிகர் ஆர்.சி. ஸ்டீல், அந்த அக்டோபரில் மேற்கே வினிபெக் வரை தேடி வந்தார். அவர் கேட்டது 5,000 புஷல். சுற்றுவட்டாரப் பண்ணைகளையெல்லாம் துழாவியும் தேறியது 857 புஷல்தான். இன்றைய கணக்கில் 23 டன் சொச்சம். அதைப் பைகளில் கட்டி, ரெட் ஆற்றில் நீராவிப் படகேற்றி, அமெரிக்காவின் மினசோட்டாவில் இறக்கி, ரயிலுக்கும் ஏரிக் கப்பலுக்கும் மாற்றி மாற்றி டொரோண்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வினிபெக்கிலிருந்து வெளியூருக்கு விலைக்குப் போன முதல் கோதுமை அது.

35 ஆண்டுகள் கழித்து, 1911 கணக்கெடுப்பில், வினிபெக் கனடாவின் மூன்றாவது பெரிய நகரம். மக்கள்தொகை 1,36,035. அதற்குப் பத்தாண்டு முன்பு அங்கே 42,340 பேர்தான் இருந்தார்கள். லிவர்பூலில் கோதுமை வாங்குகிறவர் வினிபெக்கில் இன்றைய விலை என்ன என்று தந்தி பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசினார்.

இந்த வளர்ச்சியை "வளமான மண், கடின உழைப்பு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. மண் வளமானதுதான், உழைப்பும் கடினமானதுதான். ஆனால் வினிபெக் கோதுமை விளைவித்த ஊர் அல்ல. விளைந்த தானியத்துக்கும் கடலுக்கும் நடுவே நின்ற ஊர். மேற்குச் சமவெளியில் விளைந்த ஒவ்வொரு மூட்டையும் அந்த ஊரின் ரயில் முற்றத்தைக் கடந்தாக வேண்டும். அங்கேதான் தரம் பார்த்தார்கள், விலை வைத்தார்கள், கடன் கொடுத்தார்கள். அந்த நடு இடத்தில் யார் உட்காருவது? தரகரா, விவசாயியா, அரசா? இந்தச் சண்டைதான் நகரத்தின் நூறாண்டுப் பொருளாதார வரலாறு. சண்டை போட்ட எல்லாத் தரப்பும் தலைமை அலுவலகத்தை வினிபெக்கிலேயே வைத்துக்கொண்டன. ஆகவே யார் கை ஓங்கினாலும் ஊரில் கட்டடம் எழும்பியது, வேலை கிடைத்தது.

முதலில் நிலம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரெட், அசினிபோயின் ஆறுகள் கூடும் அந்த இடம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் கூடிய இடம். 1871 ஆகஸ்டில், வினிபெக்கின் வடக்கே லோயர் ஃபோர்ட் கேரியில், அனிஷினாபே, கிரீ மக்களுடன் கனடா அரசு தன் முதலாம் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர் என்ற கணக்கில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டே வந்த நிலச் சட்டம், வெளியிலிருந்து வந்து குடியேறும் ஒரே ஆளுக்கு, 10 டாலர் பதிவுக் கட்டணத்தில், அதே 160 ஏக்கரைக் கொடுத்தது. ஐரோப்பியத் தந்தையருக்கும் பூர்வகுடித் தாய்மாருக்கும் பிறந்து தனிச் சமூகமாகத் தழைத்த மெட்டீ மக்களின் பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் என்று 1870 மானிட்டோபா சட்டம் வாக்களித்திருந்தது. அந்த வாக்கை அரசு ஒழுங்காக நிறைவேற்றவில்லை என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013இல். அதற்குள் அந்த நிலத்தில் நான்கைந்து தலைமுறை கோதுமை அறுத்தாகிவிட்டது.

அடுத்தது ரயில். கனடியன் பசிபிக் ரயில்வேயின் முதன்மைப் பாதை வினிபெக்குக்கு வடக்கே செல்கர்க் வழியாகப் போவதாகத்தான் முதலில் திட்டம். வினிபெக் வணிகர்கள் விடவில்லை. ரெட் ஆற்றின் மேல் பாலம், 2,00,000 டாலர் ரொக்கம், ரயில் நிலையத்துக்கு இலவச நிலம், போதாததற்கு என்றென்றைக்கும் வரிவிலக்கு என்று நகராட்சி அள்ளிக் கொடுத்து 1881இல் பாதையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. ஒரு நகரம் தன் வருங்கால வரியையே அடகு வைத்துப் போட்ட பந்தயம். அது பலித்தது. மேற்கே எந்தப் புதிய குடியேற்றம் முளைத்தாலும் அதற்கு வேண்டிய கலப்பையும் ஆணியும் துணியும் வினிபெக் மொத்த வியாபாரிகள் வழியாகப் போயின. அங்கிருந்து தானியம் அதே வழியாகத் திரும்பி வந்தது.

மூன்றாவது, விதை. சமவெளியின் கோடை குறுகியது. ஆகஸ்ட் கடைசியில் உறைபனி விழுந்தால் பால் பிடித்த கதிர் அப்படியே கருகும். அந்நாளில் எல்லோரும் பயிரிட்ட ரெட் ஃபைஃப் நல்ல மாவு தரும் ரகம். ஆனால் முதிர நாளெடுக்கும். ஒட்டாவா ஆய்வுப் பண்ணையில் சார்லஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த மார்க்விஸ் ரகம் சுமார் ஒரு வாரம் முந்தி விளைந்தது. 1909வாக்கில் அது விவசாயிகள் கைக்கு வந்தது. அந்த ஒரு வாரத்தால் கோதுமையின் எல்லை வடக்கேயும் மேற்கேயும் வெகுதூரம் நகர்ந்தது. மார்க்விஸின் பெற்றோரில் ஒன்று ரெட் ஃபைஃப். மற்றொன்று இந்தியாவிலிருந்து போன ஹார்ட் ரெட் கல்கத்தா. கனடாவின் கோதுமைச் செல்வத்தில் இந்திய வயல் ஒன்றின் வித்தும் கலந்திருக்கிறது என்பது அங்கேயே பலருக்கும் தெரியாத செய்தி.

நிலமும் ரயிலும் விதையும் கூடிவந்தபோது விவசாயிக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டியது நல்ல விலை. கிடைத்ததோ எலிவேட்டர்காரரின் விலை.

எலிவேட்டர் என்பது ரயில் பாதையோரம் நிற்கும் உயரமான மரக் கிடங்கு. வண்டியில் வரும் தானியத்தை எடை போட்டு, இயந்திர வாளிகளால் மேலேற்றிச் சேமித்து, பிறகு சரிவுக் குழாய் வழியே ரயில் பெட்டிக்குள் கொட்டும். குறைந்தது 25,000 புஷல் கொள்ளும் எலிவேட்டர் கட்டுகிறவர்களுக்கு ரயில்வே தனிச்சலுகை கொடுத்தது. அப்படிக் கட்டப்பட்ட இடங்களில் வண்டியிலிருந்து நேரே பெட்டியில் தானியம் ஏற்ற விடவில்லை. சிறு கிடங்குகளுக்கும் பெட்டி தரவில்லை. அதனால் குளிரில் 20 கிலோமீட்டர் குதிரை வண்டி ஓட்டி வந்த விவசாயிக்கு, எலிவேட்டர்காரர் சொன்ன எடைதான் எடை. அவர் பிடித்த கழிவுதான் கழிவு. அவர் வைத்த தரம்தான் தரம். பிடிக்காவிட்டால் மூட்டைகளோடு வீடு திரும்பலாம். களத்து மேட்டில் நெல்லை வைத்துக்கொண்டு வியாபாரி வாயைப் பார்த்து நின்ற எந்த ஊர் உழவருக்கும் இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

1900இல் மானிட்டோபா தானியச் சட்டம் வந்து, விவசாயியும் தனக்கென்று ரயில் பெட்டி கேட்கலாம் என்றது. மறு ஆண்டு அமோக விளைச்சல். பெட்டிகள் போதவில்லை, இருந்தவையும் எலிவேட்டர்களுக்கே போயின. தானியம் திறந்தவெளியில் கிடந்து கெட்டது. இன்றைய சஸ்காச்சவனில் உள்ள சின்டலூட்டா என்ற சிற்றூர் விவசாயிகள், பெட்டிகளை முறைப்படி வரிசைக்கிரமத்தில் ஒதுக்கவில்லை என்று உள்ளூர் ரயில்வே முகவர் மேலேயே 1902இல் வழக்குப் போட்டார்கள். வென்றார்கள். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. கனடாவின் மிகப் பெரிய நிறுவனத்தை ஒரு கிராமம் சட்டத்தின் முன் நிறுத்திய அந்த வெற்றி சமவெளி முழுவதும் நெஞ்சு நிமிர வைத்தது.

அதே சின்டலூட்டாவிலிருந்து புறப்பட்டவர்தான் எட்வர்ட் அலெக்சாண்டர் பார்ட்ரிட்ஜ். ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர், பிறகு விவசாயி. பெட்டி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, விலை எங்கே வைக்கப்படுகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று ஊரார் அவரை 1905 ஜனவரியில் வினிபெக்குக்கு அனுப்பினார்கள்.

அவர் பார்க்கப் போனது வினிபெக் தானியச் சந்தையை. 1887இல் வணிகர்கள் சிலர் கூடித் தொடங்கியது. 1904இல் அங்கே கோதுமையில் முன்பேர வணிகமும் ஆரம்பமாகியிருந்தது. முன்பேரம் சூதாட்டம் என்று அன்று பல விவசாயிகள் நம்பினார்கள். முழுக்க அப்படியில்லை. அக்டோபரில் வாங்கிய தானியம் மே மாதம் லிவர்பூலில் விற்கும் வரை நடுவில் விலை சரிந்தால் வாங்கி வைத்தவர் முழுகிவிடுவார். மே மாத விலையை இன்றே பேசி முடித்துக்கொண்டால் அந்த அபாயம் இன்னொருவர் தோளுக்கு மாறும். வங்கியும் துணிந்து கடன் கொடுக்கும். அந்தக் கடன்தான் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் விவசாயிக்குக் கைக்காசாகப் போனது. விவசாயிகளின் கோபத்துக்கு வேறு நியாயம் இருந்தது. அவர்கள் விளைத்த பொருளுக்கு விலை வைக்கும் கூடத்தில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. அங்கே இருந்த நாட்களில் பார்ட்ரிட்ஜுக்கும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஊர் திரும்பியவர் ஒரு முடிவோடு திரும்பினார். வெளியே நின்று திட்டிப் பயனில்லை. விவசாயிகளே ஒரு கம்பெனி வைத்து, அந்தக் கூடத்துக்குள் ஓர் இருக்கை வாங்க வேண்டும். பங்கு ஒன்று 25 டாலர், முதலில் 2.50 டாலர் கட்டினால் போதும். பண்ணை பண்ணையாகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். சந்தையில் ஓர் இருக்கையின் விலை 2,500 டாலர். சேர்ந்த பணம் போதாமல் பார்ட்ரிட்ஜும் சின்டலூட்டா நண்பர்களும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார்கள். 1906இல் தானியம் விளைவிப்போர் கம்பெனி வினிபெக்கில் கடை திறந்தது.

சில வாரங்களிலேயே சந்தை அதை வெளியே தள்ளியது. கம்பெனி தன் லாபத்தை, யார் எவ்வளவு தானியம் அனுப்பினார்களோ அந்த விகிதத்தில் பகிர்ந்து கொடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. புஷலுக்கு ஒரு சென்ட் தரகு என்பது சந்தையின் விதி. லாபத்தைத் திருப்பிக் கொடுப்பது தரகில் தள்ளுபடி கொடுப்பதாகும் என்று குற்றம் சாட்டினார்கள். வங்கிக் கடன் தலைக்கு மேல் நிற்க, விற்க முடியாத தானியம் கையில் தேங்கியது. விவசாயிகளின் கூச்சல் மானிட்டோபா அரசின் காதுக்கு எட்டியது. மாகாண முதல்வர் ராப்லின் சந்தையின் சாசனத்திலேயே கைவைப்பேன் என்று மிரட்டினார். 1907 வசந்தத்தில் கம்பெனிக்கு இருக்கை திரும்பக் கிடைத்தது. லாபத்தை அனுப்பிய அளவுக்குப் பகிர்வது என்ற கொள்கையை மட்டும் அது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அரசு தன்னைக் கட்டுப்படுத்தாதபடி, 1908இல் சந்தை தன் சாசனத்தையே கலைத்துவிட்டுத் தனியார் சங்கமாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

இவ்வளவு இழுபறிக்கு நடுவிலும் கம்பெனி முதல் ஆண்டிலேயே 20 லட்சம் புஷலுக்கு மேல் கையாண்டது. 1917இல் அது ஆல்பர்ட்டா விவசாயிகளின் எலிவேட்டர் கம்பெனியோடு இணைந்து யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் ஆனது. பார்ட்ரிட்ஜுக்குப் பின் தலைவரான தாமஸ் கிரேரர் அதே ஆண்டு நாட்டின் விவசாய அமைச்சரானார். 1921 தேர்தலில் அவர் தலைமையேற்ற முற்போக்குக் கட்சி நாடாளுமன்றத்தில் இரண்டாமிடம் பிடித்தது. தொடங்கிவைத்த பார்ட்ரிட்ஜோ, கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 1931இல் மேற்குக் கரையின் விக்டோரியாவில் இறந்தார். சமவெளி கொண்டாட மறந்த மனிதர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் அவர்.

சந்தைக்கென்று லம்பார்ட் அவென்யூவில் எழும்பிய புதிய கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மொத்தக் கிடங்குகளும் நெருக்கியடித்து எழுந்தன. எக்ஸ்சேஞ்ச் வட்டாரம் என்று இன்றும் அழைக்கப்படும் அந்தப் பகுதி, 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க் கோடியில், ரயில் முற்றங்களில் வந்து நிற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அரசு ஆய்வாளர்கள் நீண்ட பித்தளைக் குழாயைச் செருகி மாதிரி எடுத்தார்கள். கிழக்கே சுப்பீரியர் ஏரித் துறைமுகத்தைப் பெட்டி எட்டும் முன்பே அதன் தரம் முடிவாகிவிடும். "நம்பர் ஒன் நார்தர்ன்" என்று வினிபெக்கில் எழுதிக் கொடுத்த சீட்டை நம்பி, தானியத்தைக் கண்ணால் பார்க்காமலே ஐரோப்பாவில் வாங்கினார்கள். வினிபெக் விற்ற பொருட்களில் விலை மதிப்பில்லாதது இந்த நம்பிக்கைதான். 1912இல் அமைந்த தானிய ஆணையம் இன்று அங்கிருந்து நாட்டின் தானியத் தரத்தைக் காக்கிறது.

1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் மேற்கு எல்லையின் கோதுமைக்கு வான்கூவர் வழியும் கிடைத்தது. வினிபெக்கின் தனி உரிமை அன்றைக்கே தளர ஆரம்பித்தது. ஆனாலும் வணிகத்தின் மூளை அங்கேயே இருந்தது. ஒன்டாரியோவின் கிங்ஸ்டனில் 1857இல் தொடங்கிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் அண்ட் சன்ஸ், 1923இல் தலைமையகத்தை வினிபெக்குக்குக் கொண்டுவந்தது. 1939இல் தலைவர் திடீரென்று இறந்துபோக, அவர் மனைவி முரியல் ரிச்சர்ட்சன் பொறுப்பேற்று 1966 வரை நடத்தினார். ஆண்கள் மட்டுமே கூவிக் கொண்டிருந்த தானிய உலகில் ஒரு பெண் 27 ஆண்டுகள் நாட்டின் பெரிய நிறுவனமொன்றை ஆண்டது அன்று அபூர்வம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அரசே கோதுமை விற்றது. நல்ல விலை கிடைத்தது. அது 1920இல் கைவிடப்பட்டதும் விலை சரிய, விவசாயிகள் மீண்டும் ஒன்றுகூடினார்கள். 1923, 1924இல் சமவெளியின் மூன்று மாகாணங்களிலும் கோதுமைக் கூட்டுறவுகள் பிறந்தன. எல்லோர் தானியத்தையும் ஒன்றாகத் திரட்டி, சந்தைக் கூடத்தை ஒதுக்கிவிட்டு நேரே வெளிநாட்டில் விற்று, வந்த பணத்தைப் பகிர்வது திட்டம். மூன்றுக்கும் பொதுவான விற்பனை அலுவலகம் வினிபெக்கில்தான் அமைந்தது. சில ஆண்டுகளில் மேற்கின் கோதுமையில் பாதி அதன் கையில் வந்தது.

1929இல் கூட்டுறவு விவசாயிகளுக்குப் புஷலுக்கு 1 டாலர் முன்பணம் கொடுத்தது. உலகமெங்கும் விலை விழுந்தது. கொடுத்த முன்பணத்துக்கும் கீழே சந்தை இறங்கியபோது கூட்டுறவு நொறுங்கியது; வங்கிகளுக்கு அரசுகள் ஜாமீன் நிற்க வேண்டியதாயிற்று. 1932 டிசம்பரில் வினிபெக் விலை 40 சென்டுக்கும் கீழே போனது. அந்த விலைக்கு அறுவடைக் கூலி கட்டாது. வறட்சியும் புழுதிப் புயலும் சேர்ந்துகொண்டன.

அந்த இடிபாட்டிலிருந்துதான் 1935இல் கனடிய கோதுமை வாரியம் எழுந்தது. முதலில் விருப்பமுள்ளவர்கள் மட்டும் விற்கலாம் என்றிருந்தது. 1943 செப்டம்பரில் அரசு வினிபெக் சந்தையில் கோதுமை வணிகத்தை நிறுத்தி, வாரியம் ஒன்றே விற்கும் என்று ஆணையிட்டது. பார்ட்ரிட்ஜ் விரட்டப்பட்ட கூடத்தின் முக்கியச் சரக்கே அதன் கையைவிட்டுப் போனது. வாரியத்தின் தலைமையகமும் வினிபெக்கில்தான். நகரம் இதிலும் இழக்கவில்லை. 1961இல் சீனாவோடும் 1963இல் சோவியத் யூனியனோடும் பெரிய விற்பனைகளை வாரியம் பேசி முடித்தது. ஜப்பானிய மாவு ஆலைக்காரர்கள் கனடியக் கோதுமையை அரைத்துப் பார்த்துத் திருப்தியடைய, 1972இல் தொடங்கிய சர்வதேச தானியக் கழகத்துக்கு வந்து போனார்கள்.

கோதுமையை இழந்த சந்தைக்கு இன்னொரு பயிர் உயிர் கொடுத்தது. போர்க்காலத்தில் கப்பல் இயந்திரங்களுக்கு மசகு எண்ணெய் வேண்டும் என்று கடுகு இனத்து ரேப் விதையைச் சமவெளியில் பயிரிட்டார்கள். போருக்குப் பின் அதை உணவு எண்ணெயாக்க முயன்றபோது இரண்டு தடைகள்: எண்ணெயில் எரூசிக் அமிலம்; பிண்ணாக்கில் கால்நடைக்கு ஒவ்வாத குளூக்கோசினோலேட். மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் பால்டுர் ஸ்டெஃபான்சனும் சஸ்காட்டூனின் கீத் டவுனியும் பல ஆண்டுகள் பொறுமையாக ரகங்களைக் கலந்து தேர்ந்தார்கள். இரண்டு குறையும் நீங்கிய முதல் ரகமான டவரை ஸ்டெஃபான்சன் 1974இல் வெளியிட்டார். கனோலா என்ற பெயர் 1978இல் பதிவானது. பொதுப் பணத்தில், அரசு ஆய்வகங்களில் பிறந்த இந்தப் பயிர், தனியார் ஆலைகளுக்கும் விதைக் கம்பெனிகளுக்கும் தந்த செல்வத்தைப் பார்க்கும்போது, அரசு ஆராய்ச்சிக்குச் செலவு வீண் என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

ஒரு கேள்வி எழலாம். இவ்வளவு தானியம் கைமாறிய ஊரில் மாவாகவும் இறைச்சியாகவும் மாற்றும் ஆலைகள் ஏன் அதே அளவுக்கு வளரவில்லை? ஒரு முக்கியக் காரணம் 1897 ஒப்பந்தம். குரோ கட்டணம் என்று பெயர் பெற்ற அது, துறைமுகத்துக்குப் போகும் தானியத்தின் ரயில் கூலியைக் குறைத்துக் கட்டிப்போட்டது. விவசாயிக்கு அது உயிர்நாடி. ஆனால் பச்சைத் தானியத்தை அனுப்புவது அவ்வளவு மலிவாக இருக்கும்போது அதை உள்ளூரில் பண்டமாக்க யாருக்கும் அவசரமில்லை. 1913இல் திறந்த செயின்ட் பானிஃபேஸ் கால்நடைச் சந்தையைச் சுற்றி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த இறைச்சி ஆலைகள்கூட ஒவ்வொன்றாய் மூடின. கனடா பேக்கர்ஸ் 1987இல் கதவடைத்தது.

குரோ கட்டணத்தின் தொடர்ச்சியாக இருந்த ரயில் மானியம் 1995இல் அடியோடு நீங்கியது. கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் வெகு தூரத்தில், நட்டநடுவில் கிடந்த மானிட்டோபாவுக்கு விழுந்த அடிதான் பெரிது. கப்பலேற்றக் கட்டாத பார்லியைப் பன்றிக்குத் தீனியாக்கினார்கள். பன்றிப் பண்ணைகள் பெருகின; மேப்பிள் லீஃப் இறைச்சி நிறுவனம் 1999இல் அந்த மாகாணத்தின் பிராண்டனில் பெரிய ஆலை திறந்தது; வினிபெக்கில் பதப்படுத்தும் பிரிவுகளை விரித்தது. வினிபெக் ஏரியில் பாசி படர்ந்ததற்கு நகரக் கழிவுநீரோடு பண்ணைகளின் எருவும் காரணம் என்ற வாதம் அன்றிலிருந்து ஓயவில்லை.

அதே ஆண்டுகளில் விவசாயிகள் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. மானிட்டோபா, ஆல்பர்ட்டா கூட்டுறவுகள் 1998இல் இணைந்து அக்ரிகோர் ஆயின. 2001இல் அதனோடு யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் சேர்ந்தது. 2007இல் சஸ்காச்சவன் கூட்டுறவு அதை வாங்கி விட்டெரா என்று பெயர் சூட்டியது. தலைமையகம் அந்த மாகாணத்தின் ரெஜைனாவுக்குப் போனது. பிறகு சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் விட்டெராவை வாங்கியது. 2025இல் அது அமெரிக்காவின் பங்கியோடு இணைந்தது. சின்டலூட்டாக்காரர்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தொடங்கிய கம்பெனியின் வாரிசுச் சொத்து இன்று உலகின் மாபெரும் தானிய நிறுவனமொன்றின் கணக்கில் இருக்கிறது.

கோதுமை வாரியத்தின் தனி விற்பனை உரிமையைப் பிரதமர் ஹார்ப்பரின் அரசு 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு முடித்தது. தங்கள் தானியத்தைத் தாங்களே விற்கும் உரிமை கேட்டுப் போராடிய விவசாயிகள் அதைக் கொண்டாடினார்கள். கூட்டாக விற்கும் பலம் போயிற்றே என்று மற்றவர்கள் வழக்காடினார்கள். 2015இல் பங்கியும் சவுதி அரசின் விவசாய முதலீட்டு நிறுவனமும் கூட்டாக வாரியத்தில் 50.1 சதவீதம் பெற்றன. ஜி3 என்று பெயர் மாறியது. தானியம் வாங்க ஆட்கள் கூடினார்கள் என்பது உண்மை. ஆனால் விவசாயிகள் தேர்ந்தெடுத்த இயக்குநர்கள் உட்கார்ந்த மேசை ஒன்று வினிபெக்கில் இல்லாமல் போனது. அந்த இழப்பை எந்தப் போட்டியும் ஈடுசெய்யவில்லை.

சந்தைக் கூடத்தின் கூச்சல் அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், கணினித் திரைக்கு மாறிவிட்டது. 2007இல் அமெரிக்கச் சந்தை நிறுவனமான ஐசிஇ அதை வாங்கியது. 2018இல் கனோலா முன்பேர ஒப்பந்தங்களும் அந்நிறுவனத்தின் அமெரிக்கச் சந்தைக்கு இடம்பெயர்ந்தன. ரிச்சர்ட்சன் குடும்ப நிறுவனம் போர்ட்டேஜ் – மெயின் முனையில் அப்படியே இருக்கிறது. கார்கில்லின் கனடியத் தலைமையகம், பேட்டர்சன், பேரிஷ் அண்ட் ஹைம்பெக்கர், ஜி3 ஆகிய தானிய நிறுவனங்கள் எல்லாம் வினிபெக்கில்தான். சமவெளியில் 1930களில் 5,700க்கும் மேல் நின்ற மர எலிவேட்டர்களில் எஞ்சியவை சிலநூறு; அவற்றின் இடத்தில் நூறு, நூற்றைம்பது பெட்டி நீள ரயிலை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் கிடங்குகள் வந்துவிட்டன.

தானியத்தால் கொழித்த அதே நகரத்தில் 1919 மே மாதம் சுமார் 30,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆறு வாரங்களின் கதை அடுத்த இதழில்.